பாதம் வைத்த எழுத்து

குற்றாலம் ரோட்டில் நாளை திறக்கிற எங்கள் மெஸ்ஸுக்கு அம்மாவின் பெயரையே வைத்திருக்கிறோம். அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. இன்று காலை போர்டைச் சுற்றியிருந்த தாளைக் கிழித்தபோது எனக்குத் திக்கென்றது. தூண்போலத் தடித்து, வளைகிற இடத்தில் மயிரிழையாக மெலிந்து, முனைக்கு முனை சின்னப் பாதம் ஊன்றிய கறுப்பு எழுத்துகள். சென்னையிலிருந்து இதை வடிவமைத்து அனுப்பிய என் மகளைப் போனில் கூப்பிட்டேன்.

“ரெட்ரோ ஃபாண்ட்ப்பா, அந்தக் காலத்து எழுத்து. தூரத்துலயே தெரியும்” என்றாள்.

தெரியத்தான் செய்யும். தென்காசியில் என் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில், இப்போது செல்போன் கடைகள் நிற்கிற இடத்தில், ஒரு அச்சகம் இருந்தது. மைதாப் பசையும் சாரல் ஈரமும் சேர்ந்து புளித்த வாசனை அடிக்கும் அதன் நீளச் சுவர், தாள்மேல் தாள் ஒட்டி ஒட்டி மெத்தைபோல உப்பியிருக்கும். சினிமாவுக்கும் துணிக்கடைக்கும் வேறு வேறு எழுத்து. இந்தப் பாதம் வைத்த எழுத்தை மட்டும் சாவு நோட்டீஸுக்கென்றே அச்சகக்காரர் ஒதுக்கி வைத்திருந்தார். படிக்கத் தெரியாத அம்மா தெருமுனையிலேயே அதை அடையாளம் கண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “யாருன்னு வாசிலே” என்பாள். நான் எழுத்துக் கூட்டி வாசித்து முடிக்கும்வரை அந்தப் பிடி தளராது.

ஆட்கள் போர்டை மேலே ஏற்றி மாட்டிவிட்டார்கள். இறக்கச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. இறங்கிய அம்மா நிமிர்ந்து பார்த்தாள். மெதுவாகச் செருப்பைக் கழற்றினாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“யாருலே? வாசி.”