வாஞ்சிநாதனின் சைவ பாட்டில்கள்

அமெரிக்காவில், லிவர்மோர் கோயிலில் அன்னதானம் என்றால் சாம்பார்க் கரண்டி வாஞ்சிநாதன் கையில்தான் இருக்கும். திருநெல்வேலிக்காரர். முட்டை கலந்த கேக் என்றால் அந்த மேஜைப் பக்கமே போகமாட்டார். அப்பேர்ப்பட்ட மனிதர், தினமும் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் சின்ன கிளாஸில் இத்தாலியச் சரக்கு ஒரு மடக்கு குடிப்பார். கேட்டால் கூச்சமே கிடையாது. "எல்லாம் வேரு, பட்டை, பழம்தான் சார். சுத்த சைவம்!"

இந்தப் பழக்கம் இத்தாலியில், டூரின் நகரத்தில் தொற்றியது. கம்பெனி வேலையாக ஒரு கோடை முழுக்க அங்கே தங்கியிருந்தார். வீட்டுக்காரர் ஒருநாள் சாப்பாட்டுக்குப் பிறகு கறுப்பாக ஒன்றை ஊற்றித் தந்து 'அமாரோ' என்றார். நிலவேம்புக் கஷாயத்தில் சர்க்கரை போட்ட மாதிரி இருந்தது. வயிறும் லேசானது. அதோடு விட்டாரா? சிசிலியின் மார்சாலா ஒயின், எலுமிச்சைத் தோல் ஊறிய லிமொன்செல்லோ, பச்சை அக்ரூட்டில் செய்த நொச்சீனோ என்று ஊர் ஊராகச் சேர்க்க ஆரம்பித்துவிட்டார்.

மனைவி ஷ்யாமளா லேசில் மசியவில்லை. ரொம்ப நாள் சண்டைக்குப் பிறகு சமையலறையில் மேல் தட்டு ஒன்றை ஒதுக்கித் தந்தாள். "இதுல அசைவம்னு ஒரு பேச்சு வந்துச்சு, அன்னைக்கே அத்தனையும் வெளிய போயிடும். ஆமா, சொல்லிட்டேன்."

அந்தப் பேச்சு வந்தேவிட்டது. தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு வந்த மகள் அஞ்சனா பால், தேன்கூடத் தொடாத வீகனாகப் புதிதாக மாறியவள்; கண்ணில் படும் லேபிளையெல்லாம் படிப்பாள். மேல் தட்டிலிருந்து ஒரு சிவப்பு பாட்டிலை இறக்கினாள். அல்கெர்மெஸ். ஃப்ளாரன்ஸ் பக்கத்துச் சரக்கு. கிராம்பு, ஏலம், ரோஜா எல்லாம் போட்டது, திறந்தால் கமகமவென்று இருக்கும். அதன் லேபிளில் இருந்த ஒரு வார்த்தையைப் போனில் தேடினாள்.

"அப்பா, இந்த ரெட் கலர் இஸ் ஃப்ரம் பக்ஸ். க்ரஷ்ட் பக்ஸ்!"

"என்னடி சொல்ற?"

"பூச்சிப்பா. பூச்சி."

வாஞ்சிநாதன் பாட்டிலை வாங்கித் தூக்கிப் பார்த்தார். பாட்டிலில் பாதிதான் மிச்சம். ஆனால் அதைவிடப் பெரிய பயம் மேல் தட்டைப் பற்றித்தான். இத்தனை வருஷம் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்ததெல்லாம் போச்சே!

"ஷ்யாமளா, சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. இத மட்டும் கொட்டிடறேன். மத்ததெல்லாம் பாவம்..."

அடுப்பருகே நின்றிருந்த அவள் முகம் வெளிறிப் போயிருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிங்க்குக்கு ஓடினாள். கொப்பளித்தாள், துப்பினாள், மறுபடியும் கொப்பளித்தாள்.

"குடிச்சது நானு. நீ எதுக்குக் கொப்பளிக்கிற?"

ஷ்யாமளா குழாயை மூடினாள். திரும்பாமலே சொன்னாள்: "பாயாச வாசனையா இருந்துச்சுங்க. மத்தியானம் ஒரே ஒரு மூடிதான் எடுத்துப்பேன்."

"அம்மா!" என்று கத்தினாள் அஞ்சனா.

வாஞ்சிநாதனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, சிவப்பு பாட்டிலை சிங்க்கில் கவிழ்த்தார். ஷ்யாமளா முந்தானையால் வாயைத் துடைத்தாள். பிறகு மேல் தட்டை எட்டி லிமொன்செல்லோவை எடுத்து மகள் கையில் கொடுத்தாள்.

"இதுல ஒண்ணும் இல்லையே? நல்லாப் படிச்சுப் பாத்துச் சொல்லுடி."