எட்டு எம்எம் ஓட்டைக்குள் ஒரு குடித்தனம்

1. போட்டோவில் வந்த இலை

பெங்களூர் பீன்யாவில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தேன். காக்ஸ் டவுனிலிருந்து பஸ் மாறி மாறிப் போய்வந்து, போன வருடம்தான் ரிட்டயர் ஆனேன். இன்ஸ்பெக்‌ஷனுக்குப் புதிதாக வருகிறவர்கள் கேஜைக் கையில் எடுப்பதற்கு முன் இதைக் கேட்டுவிடுவது நல்லது.

ஒரு திங்கட்கிழமை கஸ்டமர் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினார். நாங்கள் அனுப்பிய பம்பின் மேல்கூடான அலுமினிய ஹவுஸிங்கின் எட்டு எம்எம் ஓட்டையில், அளவு பார்க்கும் ப்ளக் கேஜ் நுழையவில்லை. உள்ளே பச்சை இலை அடைத்திருந்தது.

மண் அடைப்பது எங்களுக்குப் பழக்கம்தான். சரக்கு ஷெட்டில் திறந்து கிடந்தால் குளவி வந்து கூடு கட்டிவிடும். ஏர் அடித்துச் சுத்தம் செய்து அனுப்புவோம். ஆனால் இலை புதிது. முதலாளி போனைத் தூக்கிக்கொண்டு நேராக பேக்கிங் டேபிளுக்குப் போனார்.

"குளவின்னா மண்ணு இருக்கும். இது இலை. நம்ம கம்பெனில இலை மெல்லுறது யாரு?"

எல்லோரும் முனியம்மாவைப் பார்த்தார்கள். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரி, பேக்கிங்கில் வேலை, சர்வீஸில் என்னைவிட சீனியர். வெற்றிலை போடாவிட்டால் சாப்பிட்ட சோறு அவளுக்குச் செரிக்காது.

"சார், சத்தியமா உள்ள நான் வெத்தல போட்டதே இல்ல. பெல் அடிச்சா கேட்டுக்கு வெளிய போய்தான் போடுவேன். வாட்ச்மேன கேளுங்க."

"யாரையும் கேக்க வேணாம். நாளைலேர்ந்து வராத."

முனியம்மா அழவில்லை. கிளவுஸைக் கழற்றி மடித்து டேபிள் ஓரத்தில் வைத்தாள். அத்தனை வருடமும் என் டிபன் பாக்ஸில் பாதி அவளுடையது.

2. பிரித்துப் பார்த்தது

"சார், லஞ்ச் வரைக்கும் டைம் குடுங்க" என்று கேட்டு வாங்கினேன். அதே லாட்டில் மீதியிருந்ததைப் பார்த்தால் இன்னும் இரண்டு பீஸ் அடைத்திருந்தது. ஒன்றை ட்வீஸரால் மெதுவாக இழுத்தேன். பீடி மாதிரி சுருட்டிய இலைக் குழல் ஒன்று முழுசாக வந்தது. மென்று துப்பியது இப்படியா இருக்கும்? ஒவ்வொரு துண்டும் கத்தரியால் வெட்டியதுபோல் ஓரம் சுத்தமாக இருந்தது.

குழலைப் பிரித்தேன். குளவி தன் பிள்ளைக்குப் பச்சைப் புழுவைப் பிடித்து வைக்கும், அதன் வீட்டில் கறிச்சோறுதான். இங்கே புழு இல்லை. தேனில் குழைத்த மஞ்சள் மகரந்தம், அதன்மேல் வெள்ளையாக ஒரு முட்டை.

"முனியம்மா, இது குளவி இல்லடி. தேனீ!"

"தேனீ கூட்டமா அடை கட்டுமேக்கா. ஒத்தையில வந்து ஓட்டைல குடியிருக்குமா?"

"இருக்குதே!"

போனில் தேடியதும் பெயர் கிடைத்தது. இலைவெட்டித் தேனீ. தனியாக வாழ்கிற ஜாதி.

3. இலை வந்த வழி

முதலாளியை ஷெட்டுக்கு இழுத்து வந்து காத்திருந்தோம். கடைசியில் ஒரு பூச்சி பச்சைத் துண்டு ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி பறந்து வந்தது.

"அய்யோ, குளவி!" முதலாளி கிரேட்டுக்குப் பின்னால் குனிந்துவிட்டார்.

"இடுப்பப் பாருங்க சார். குளவிக்கு நூலாட்டம் இருக்கும், உடம்பு வழவழன்னு மின்னும். இது குண்டு, உடம்பெல்லாம் முடி. வயித்துக்கு அடியில மஞ்சப் பொடி தெரியுதா?"

அது ஒரு ஹவுஸிங்கின் ஓட்டைக்குள் போய் வெறுங்கையோடு வெளியே வந்து பறந்தது. பின்னாலேயே நடந்தோம். போய் உட்கார்ந்த இடம் முதலாளியின் கேபின் வாசல், அவரே தண்ணீர் ஊற்றி வளர்க்கிற ரோஜாத் தொட்டி. இலைகளின் ஓரமெல்லாம் வட்ட வட்டமாக வெட்டியிருந்தது. எங்கள் கண்ணெதிரிலேயே இன்னொரு துண்டை வெட்டிக்கொண்டு கிளம்பியது.

"சார், அவளுக்கு எல சப்ளை பண்ணது நீங்கதானா?" என்றாள் முனியம்மா.

முதலாளி வெட்டுப்பட்ட இலை ஒன்றை விரலால் தடவிப் பார்த்தார். "சரி சரி, போய் கிளவுஸ மாட்டு. டிஸ்பேட்ச் லேட் ஆகுது" என்றார்.

கஸ்டமருக்கு எல்லாப் போட்டோவையும் அனுப்பினோம். அன்றிலிருந்து ஓட்டைக்கெல்லாம் பிளாஸ்டிக் கேப் போட்டோம். பிரிக்காத அந்த இன்னொரு பீஸை முதலாளியே எடுத்துப் போய் ரோஜாத் தொட்டி பக்கத்தில் வைத்தார். "ஸ்கிராப்ல போட்றாதீங்க, உள்ள ஆள் இருக்கு" என்றார். மறுநாள் காலை பேக்கிங் டேபிளில் ஒரு கவுளி வெற்றிலை இருந்தது. அவர் அதைப் பற்றிச் சொன்னது ஒன்றுதான். "கேட்டுக்கு வெளியதான் போடணும், ஆமா."

மண் என்றால் குளவி என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது. மண் இல்லாவிட்டால் மனுஷர்தான் என்று முடிவு கட்டிவிட்டோம். ரிஜெக்ட் ஸ்டிக்கரைக் கையில் எடுக்கும்போது உள்ளே இருப்பதை ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். பார்த்ததால்தான் முனியம்மா இன்றைக்கும் அங்கே பேக்கிங்கில் இருக்கிறாள்.