பறந்தவன் எப்படி இறங்கினான் என்று கேட்ட மேரி

மேரியின் மகன் சகாயத்தின் அழைப்பு வந்தபோது நான் வளவனூர் கடைத்தெருவில் மின்விசிறிக் கடைக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு முறை துண்டித்தேன். சண்டைக்கு நடுவில் போன் வந்தால் எனக்குக் கோபம் இன்னும் ஏறும். மறுபடியும் அடிக்கவே எடுத்து, "இன்னாடா?" என்றேன். "அத்தே, அம்மா காலையில தவறிட்டாங்க" என்றான். மின்விசிறியை அங்கேயே வைத்துவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன். கடைக்காரர் பின்னாலிருந்து ஏதோ கேட்டார். திண்டிவனம் போய்ச் சேரும்வரை உட்கார முடியவில்லை. இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனேன்.

நினைவுத் திருப்பலிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு மடல் அச்சடிக்கிறார்கள். அதில் தன் அம்மாவைப் பற்றி எழுதித் தரச் சொன்னது சகாயம்தான். லூர்து மேரி அன்பான மனைவி, பாசமுள்ள தாய், இறைப்பற்று மிக்கவர் என்று எழுத நான் தேவையில்லை. அந்த வரிகள் அச்சகத்திலேயே தயாராக இருக்கும். நானும் மேரியும் எண்பதுகளில் திண்டிவனம் தொலைபேசி நிலையத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் ஆபரேட்டர்களாக வேலை பார்த்தவர்கள். எனக்குத் தெரிந்த மேரி, படம் பார்க்கிறவள். அவளைப் போல் படம் பார்த்த ஒருவரை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

அப்போது திண்டிவனத்தில் படம் போட்டுப் பார்த்துப் பேசுகிற ஒரு படக்குழு இருந்தது. அதன் செயலாளர் மாற்றலாகிப் போனதும் அந்தப் பதவி என் தலையில் விழுந்தது. ஆண்கள் யாரும் முன்வராததற்குக் காரணம் எளிது. செயலாளர் என்றால் படப்பெட்டி சுமக்க வேண்டும். சென்னையிலிருந்து வாடகைக்கு வரும் படங்களை விழுப்புரத்தில் இருந்த ஒரு குழுவோடு சேர்ந்துதான் எடுப்போம். சனிக்கிழமை மாலை அங்கே, ஞாயிறு மாலை இங்கே. ஞாயிறு காலையில் விழுப்புரம் போய் பெட்டிகளை வாங்கி, கண்டக்டரோடு மல்லுக்கு நின்று, விக்கிரவாண்டி வழியாகக் கொண்டுவந்து சேர்ப்பது என் பொறுப்பு. திரையிட இடம் கொடுத்தது பங்குத் தந்தை. கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடத்தின் பெரிய அறை.

மாதம் ஒரு ஞாயிறு. முதலில் காட்டு மிருகங்களைப் பற்றிய படம், பிறகு பொம்மைப் படம். அப்போது கார்ட்டூனை எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். பொம்மைப் படத்தில் பெரும்பாலும் போர்வையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு பறக்கிற ஒரு வீரன் இருப்பான். கசாயத்தைக் குடித்தால்தான் சர்க்கரை என்பது என் ஏற்பாடு. பொம்மைப் படத்தை முதலில் போட்டால் அது முடிந்ததும் கூட்டம் எழுந்து போய்விடும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். எல்லாம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, மைக்கைக் கூட்டத்துக்குள் அனுப்புவோம். பார்த்தவர்கள் அபிப்பிராயம் சொல்ல வேண்டும். அது எங்கள் குழுவின் வழக்கம்.

பெரும்பாலோர் "நல்லா இருந்துச்சி" என்று சொல்லி மைக்கை அடுத்தவர் கையில் திணிப்பார்கள். மேரிக்கு அது ஆகவே ஆகாது. "நல்லா இருந்துச்சின்னு சொல்றவன் தூங்கிட்டிருந்தான்னு அர்த்தம்" என்பாள். அவளுடைய முறை வந்தால் எழுந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு, படத்தை நெல் புடைப்பதுபோல் புடைப்பாள். ஒரு முறை சிறுத்தை மானைத் துரத்திப் பிடித்தது. ஓமந்தூரிலிருந்து வரும் ஒரு விவசாயி, படம் எடுத்தவன் ஒரு கல்லையாவது விட்டெறிந்திருக்கக் கூடாதா என்று மிகவும் வருத்தப்பட்டார். மேரி உடனே எழுந்தாள். "மானுக்காக கல்லு உடுவீங்க. சிறுத்த குட்டிங்க பட்டினி கெடந்தா அதுக்கு இன்னா உடுவீங்க?" என்றாள். அவரும் விடவில்லை. வேகவைத்த மல்லாட்டைக் கடலை விற்கிறவர் கூடையை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போன பிறகும் வாசலில் நின்று இருவரும் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

விழுப்புரத்து ஆபரேட்டர் ஒருத்திக்கு ஒரு கெட்ட பழக்கம். சனிக்கிழமை அங்கே படம் பார்த்துவிட்டு, அன்று இரவே டிரங்க் கால் கொடுக்கிற சாக்கில் எங்களிடம் கதையைச் சொல்ல ஆரம்பிப்பாள். எனக்குக் கேட்க ஆசையாக இருக்கும். பொறுமை என்பது எனக்கு என்றும் இருந்ததில்லை. மேரி எட்டி என் ஒயரைப் பிடுங்கிவிடுவாள். "அடுத்தவ கண்ணாடியப் போட்டுக்கினு பாத்தா நமக்குத் தலதான் வலிக்கும் கமலா" என்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த குழுவுக்கு ஒரே மாதத்தில் இரண்டு வினை வந்தது. மிருகப் படத்தில் யானைகள் இணைசேருகிற காட்சி ஒன்று வந்துவிட்டது. பெண் பிள்ளைகள் இருக்கிற இடத்தில் இதையெல்லாம் காட்டலாமா என்று ஒரு ரைஸ்மில் முதலாளி பங்குத் தந்தையிடம் போய்ப் புகார் சொன்னார். அதைக்கூடச் சமாளித்திருக்கலாம். படம் பார்த்த மறுநாள் மேரியின் மகன் சகாயம் கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு குடியிருப்புத் தண்ணீர்த் தொட்டியின் மேலிருந்து குதித்தான். வலது கை முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். ஒரு படம் உண்மையைக் காட்டியதற்குக் குற்றம், இன்னொரு படம் பொய்யைக் காட்டியதற்குக் குற்றம். நடுவில் நான்.

பங்குத் தந்தை நியாயமானவர். அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு எல்லோரையும் அதே அறைக்கு வரச் சொன்னார். "பார்த்தவங்க பேசட்டும். ஆனா அடிபட்ட புள்ளையோட அம்மா இன்னா சொல்றாங்களோ அதுதான் முடிவு. அவங்க வேணாம்னா இனிமே இங்க படம் கிடையாது" என்றார். வேறு இடம் எங்களுக்கு இல்லை. அறை போனால் குழு போயிற்று. அதன் உயிர் எந்தப் படத்துக்கும் முழு மார்க் போடாத மேரியின் நாக்கில் போய் நின்றது.

அந்த வாரத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் கால் தரிக்கவில்லை. தினமும் பக்கத்து நாற்காலியில் மேரி. காதில் ஹெட்செட், கையில் ஒயர். அவள் இணைப்புக் கொடுத்துக்கொண்டே இருக்கிறாள், நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சகாயத்துக்கு வலி எப்படி இருக்கிறது என்று கேட்டால் சொல்கிறாள். சாப்பிட்டானா என்றால் சொல்கிறாள். "ஞாயித்துக்கெழமை இன்னா சொல்லப் போற?" என்றால் மட்டும் போர்டைப் பார்த்துக்கொள்கிறாள். வெள்ளிக்கிழமை எனக்குத் தாங்கவில்லை. "வேணாம்னு சொல்றதா இருந்தா இப்பவே சொல்லிடுடி, ஒரே பேஜாரா கீது" என்று கத்திவிட்டேன். "ஞாயித்துக்கெழமை சொல்றேன்" என்றாள். அன்று அவளுடைய தேநீர்க் கோப்பையைக்கூட நான் வழக்கம்போல் அவள் பக்கம் நகர்த்தி வைக்கவில்லை.

ஞாயிறு அறை நிரம்பி வாசல்வரை ஆட்கள். ரைஸ்மில் முதலாளி முதலில் எழுந்து யானைகளைப் பற்றிப் பேசினார். ஓமந்தூர் விவசாயி கையைத் தூக்கினார். "ஏன் மொதலாளி, உங்க வூட்டு மாட்டுக்குக் காளை புடிச்சிக்கினு வந்தப்போ பொம்பளப் புள்ளைங்க கண்ண மூடிக்கினா இருந்தாங்க?" என்றார். அறை அதிரச் சிரித்தது. பங்குத் தந்தையும் தாடியைத் தடவிக்கொண்டு குனிந்துகொண்டார். யானை விவகாரம் அத்தோடு முடிந்தது. பிறகு மைக் மேரியிடம் போனது. முன்வரிசையில் சகாயம் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தான்.

"நான் கோவமாத்தான் கீறேன். யாரும் சமாதானம் பண்ண வேணாம்" என்று ஆரம்பித்தாள். "மொதல்ல மிருகப் படம். அதுல ஒருத்தன் இங்கிலீஷ்ல பேசிக்கினே கீறான். சிங்கம் ஒரு மூச்சு உடறதுக்குள்ள ஒம்போது பேச்சு. அவன் வாய மூடுங்க. எங்களுக்குக் கண்ணு கீது, நாங்க பாத்துக்குறோம்."

பிறகு திரை மாட்டுகிற சுவரைக் காட்டினாள். "அடுத்தது பொம்மைப் படம். அவன் பறக்கறான். பறக்கட்டும், நான் வேணான்னு சொல்லல. மேல போறத அத்தினி வாட்டி காட்டறீங்களே, கீழ எப்படி எறங்கறான்னு ஒரு வாட்டியாவது காட்டனீங்களா? மேல போறான், அடுத்த சீன்ல தரையில நிக்கறான். நடுவுல இன்னா ஆச்சி? எம் புள்ள மேல போறத மட்டும்தான் பாத்துக்கினு வந்தான். எறங்கறத அவனுக்கு எவன் சொல்லிக் குடுத்தான்?"

எத்தனையோ பொம்மைப் படங்களை ஓட்டிய எங்களில் ஒருவர்கூட அதைக் கவனித்ததில்லை.

"அப்போ நிறுத்திடலாமாம்மா?" என்று பங்குத் தந்தை மெதுவாகக் கேட்டார்.

மேரி மகனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நிறுத்த வேணாம் ஃபாதர். மாத்திப் போடச் சொல்லுங்க. பொம்மைப் படம் மொதல்ல, மிருகப் படம் அப்பறம். புள்ளைங்க கடைசியா எதைப் பாக்குதோ அதைத்தான் வூட்டுக்குத் தூக்கிக்கினு போவும். மிருகத்தப் பாத்துட்டுப் போனா நாலு கால்ல நடக்கும். நாலு கால்ல நடந்து எவனும் கைய ஒடச்சிக்கினது இல்ல" என்றாள். சிரிப்பு எழுந்து அடங்குவதற்குள் மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. குழு பிழைத்தது, ஆனால் என் கசாயமும் சர்க்கரையும் தலைகீழாகிவிட்டன. வாசலிலேயே அவளைப் பிடித்து, "கூட்டம் எழுந்து போயிடும், பாரு" என்றேன். போயிற்று. அடுத்த மாதம் பொம்மைப் படம் முடிந்ததும் பாதிப் பேர் நடையைக் கட்டினார்கள். "பாத்தியா, சொன்னேன்ல?" என்று அவள் காதருகே சீறினேன். "போனவன் போவட்டும். குந்திக்கினு கீறவன் இன்னா சொல்றான்னு கேளு" என்றாள். ஆங்கிலக் குரலை அணைத்து மிருகப் படத்தை ஓட்டினோம். கொஞ்ச நேரம் புரொஜெக்டர் சத்தம் மட்டும். பிறகு பின்வரிசையில் யாரோ, "ஏ, பின்னால வர்றான் பாரு, ஓடு ஜல்தி" என்று மானைப் பார்த்துக் கத்தினார். அவ்வளவுதான். முடியும்வரை அறை முழுக்கப் பேச்சு. விளக்குப் போட்ட பிறகு மைக்குக்கு வேலையே இருக்கவில்லை.

அன்று வீட்டுக்குத் திரும்பிய பிள்ளைகள் உண்மையாகவே நாலு காலில்தான் போனார்கள். கோயில் தெருவில் உறுமிக்கொண்டும் முகர்ந்துகொண்டும் போன அந்தக் கூட்டத்தைப் பார்த்து, பாதியில் எழுந்து போனவர்கள் என்ன படம் என்று விசாரித்தார்கள். அதற்கடுத்த மாதம் கொஞ்சம் பேர் கூடுதலாக உட்கார்ந்தார்கள். எல்லோரும் உட்கார்ந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வீடு டிவி வந்து எங்கள் குழு கலைகிறவரை, என் வரிசையே சரியானது என்று நான் மேரியோடு வாதாடிக்கொண்டுதான் இருந்தேன். இன்றும் எனக்கு அந்த எண்ணம்தான்.

ஒன்றை மட்டும் அவளிடம் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். கை முறிந்தது உன் பிள்ளைக்கு. வேண்டாம் என்று நீ சொல்லியிருந்தால் ஊரில் ஒருவரும் உன்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஏன் சொல்லவில்லை? பேச்சை மாற்றுவாள், அல்லது "பயந்தா பொழப்பு நடக்குமா?" என்பாள். அவளுக்குப் பயம் என்பதே கிடையாது என்றுதான் இத்தனை வருடமும் நம்பியிருந்தேன். எங்கள் குழுவில் எல்லோரும் அப்படித்தான் நம்பினோம்.

அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு சகாயம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவனுக்கே தலை நரைத்துவிட்டது. அதையே அவனிடமும் கேட்டு, உங்கம்மாவுக்குப் பயமே கிடையாதாடா என்றேன். "பயம் இல்லாம இன்னா அத்தே? ஒவ்வொரு மாசமும் பொம்மைப் படம் ஓடறப்போ, அவன் பறக்க ஆரம்பிச்சா போதும், இருட்டுல அம்மா என் சட்டையப் பின்னால கெட்டியா புடிச்சிக்குவாங்க. அடுத்த படம் ஆரம்பிச்சாதான் உடுவாங்க. நான் பெரிய கிளாஸ் போன பின்னாடியும் அப்படித்தான். அவங்க கை நடுங்கறது எனக்குத் தெரியும்" என்றான். நான் அவன் முன்னாலேயே அழுதேன்.

மேரியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவளுடைய துணிச்சலை அல்ல. அதை ஊருக்கே தெரியும், எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த நடுக்கம் போதும். அவளுக்கு அந்தப் படங்களைக் கண்டாலே பயமாக இருந்தது. அந்தப் பயத்தோடுதான் நிறுத்த வேண்டாம் என்று சொன்னாள், அந்தப் பயத்தோடுதான் மாதாமாதம் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஒரு வாரம் முழுக்க என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாளே, பயமாக இருக்கிறது கமலா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் கையை நான் பிடித்துக்கொண்டிருப்பேன், பாவி.