ஆறாவது எண்

காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது என்னை 'வழிகாட்டி' ஆக்கினார்கள். பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு விண்ணப்பிக்க உதவுகிற வேலை. விக்கிரமங்கலத்தில் எங்கள் வீடு, பெரம்பலூரில் ஹாஸ்டல். எனக்கே தெரிந்த வழி அவ்வளவுதான். ஆனால் கழுத்தில் அட்டையை மாட்டியதும் தலைக்கனம் ஏறிவிட்டது. கேள்வி கேட்ட பிள்ளைகளையெல்லாம் அதட்டினேன்.

அப்படி அதட்டு வாங்கியவர்களில் ஒருத்தி லப்பைக்குடிக்காட்டுப் பெண். 'அத்தா' என்று அவள் கூப்பிடும் அப்பா குவைத்தில் டிரைவர். விண்ணப்பத்தில் போன் நம்பர் கேட்டபோது அவள் அம்மாவின் நம்பரைச் சொன்னாள்.

"குடும்பத் தலைவர் நம்பரைப் போடணும்டி. அதான் முறை" என்றேன்.

அப்படி ஒரு முறை எந்த ஊரிலும் கிடையாது. சும்மா அடித்துவிட்டேன். பாவம், அவளும் நம்பி அத்தாவின் ஊர் நம்பரைக் கொடுத்தாள். பேங்க் மெசேஜுக்காக அந்த சிம்மை அவர் குவைத்திலும் வைத்திருந்தார்.

பெரம்பலூரில் படி, சாயங்காலம் பஸ் ஏறி வூடு வந்து சேர் என்பது அத்தாவின் கட்டளை. அவளுக்கோ கோயம்புத்தூரில் ஒரு காலேஜ் மேல் ஆசை. ஹாஸ்டலில் தங்கித்தான் படிக்க வேண்டும். "சீட்டு கெடைக்கட்டும், பக்குவமாச் சொல்லிக்கலாம்" என்று அம்மா சொல்ல, விரும்பும் காலேஜ்களின் பட்டியலில் முதலாவதாகக் கோயம்புத்தூரைப் போட்டோம். எனக்கு ஒரே பெருமை.

சீட்டும் கிடைத்துவிட்டது! மாலை ஐந்து மணிக்குள் 'சம்மதம்' என்று உறுதி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் சீட்டு கையை விட்டுப் போய்விடும். நாலரைக்கு அவள் வீட்டில் லேப்டாப்பைத் திறந்து அந்தப் பட்டனை அழுத்தினேன். பதிவு செய்த போனுக்கு ஆறு இலக்க எண் அனுப்பியிருக்கிறோம், பத்து நிமிஷத்துக்குள் போடுங்கள் என்றது. பதிவு செய்த போன் குவைத்தில் இருக்கிறது. மூன்று பேர் முகத்திலும் ஈயாடவில்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டது நான்தான். அதற்கும் அந்தப் பெண்ணையே முறைத்தேன்.

அம்மா போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "ஏங்க, புள்ளைக்கு ஸ்காலர்ஷிப் ஃபாரம் போடுறோம். ஒரு நம்பர் வந்துருக்கும், சொல்லுங்க."

"வந்துருக்கு. நாலு."

"அப்புறம்?"

"இரு. என்னா ஸ்காலர்ஷிப்பு?"

"நல்லாப் படிக்கிற புள்ளைங்களுக்குக் குடுக்குறாங்க அங்கிள்" என்று நான் குறுக்கே பாய்ந்தேன்.

"மாஷா அல்லாஹ். ஒம்பது. பெரம்பலூர் காலேஜுக்குத்தானே?"

"ஆமாங்க" என்றார் அம்மா, சுவரைப் பார்த்து.

"ஒண்ணு. சாயங்காலம் பஸ்சு எத்தனை மணிக்கு?"

"அஞ்சு இருவதுக்கு அங்கிள்!" அப்படி ஒரு பஸ்சை நான் பார்த்ததே இல்லை.

"எட்டு. நேரா வந்துருமா, எறங்கி மாத்தணுமா?"

"வூட்டு வாசல்லயே நிக்கும் அங்கிள்." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கக் கிளம்பினால் வாய் எங்கே நிற்கிறது?

"நல்ல பஸ்சுதான். ரெண்டு." அதோடு நிறுத்திக்கொண்டார். "ஆறாவது வேணும்னா எம் மவளப் பேசச் சொல்லு."

மணி நாலு நாற்பது. வேண்டாம் என்று நான் கையாட்டினேன். அம்மாவும் ஆட்டினார். அவள் எங்கள் இருவரையும் பார்க்கவே இல்லை.

"அத்தா, ஸ்காலர்ஷிப் இல்லத்தா. கோயம்புத்தூர்ல சீட்டு கெடைச்சிருக்கு. ஹாஸ்டல்ல தங்கணும். உங்களக் கேக்காமப் போட்டுட்டோம். நீங்க வேணாம்னா வேணாத்தா."

சீட்டு போச்சு என்று நான் லேப்டாப்பை மூடப் போனேன்.

"தெரியும் புள்ள. காலையிலயே மெசேஜ் வந்துருச்சு, காலேஜ் பேரோட. ரூம்ல உள்ளவங்களுக்கெல்லாம் காட்டி, டீயும் வாங்கிக் குடுத்தாச்சு. நீயே கூப்புட்டுச் சொல்லுவேன்னு காலையிலேர்ந்து போனக் கையிலயே வெச்சிட்டு இருக்கேன்."

அவள் துப்பட்டாவில் முகத்தை மூடிக்கொண்டாள். அம்மா சமையல்கட்டுக்குப் போய்விட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. என்னை நானே நாலு அறை அறையலாம் போல இருந்தது.

"ஏழு" என்றார் அத்தா.

போட்டு அழுத்தினேன். நேரம் முடிந்துவிட்டது, புதிய எண் அனுப்புகிறோம் என்று வந்தது.

அடப்பாவமே! "அங்கிள், இன்னொண்ணு வரும். மறுபடியும் சொல்லணும்."

இந்தத் தடவை அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. வந்த வேகத்தில் ஆறு எண்ணையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். நான்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இன்னொரு தடவை சொல்லுங்க அங்கிள்" என்றேன்.