ஜீவமணி நர்ஸும் நான் வைக்காத சேனையும்

ஜீவமணி நர்ஸைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை கேட்க வேண்டுமானால் எங்கள் தெருவில் எந்த வாசலில் வேண்டுமானாலும் போய்க் கேளுங்கள். என் வாசலில் மட்டும் கேட்காதீர்கள். அவள் பெயரை எடுத்தாலே எனக்கு வயிறு எரியும். ஆனால் ஒன்று, அவளைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவளும் இந்தத் தெருவில் கிடையாது. பிடித்தவர்கள் அவள் வந்தபோது பார்த்தார்கள், போனதும் மறந்தார்கள். நான் அப்படியா? அவள் தெருமுனையில் குடையை விரித்தால் அடுப்படியில் இருக்கிற எனக்குத் தெரிந்துவிடும்.

என் பெயர் வடிவம்மாள். திரேஸ்புரம் போகிற வழியில் மளிகைக்கடை வைத்திருக்கிற செந்தில்வேலின் அக்கா. கல்யாணமாகி ஓட்டப்பிடாரம் பக்கம் போனேன். பிள்ளை இல்லை என்று புருஷன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்கே திரும்பிவிட்டேன். அங்கே சமையல் என்னுடையது, கடைக்குச் சாமான் புடைத்துக் கொடுப்பது என்னுடையது, சத்தமும் என்னுடையது. மற்றதெல்லாம் தம்பி பெண்டாட்டி முத்துக்கனியுடையது.

ஜீவமணிக்கு ஊர் நாசரேத். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப்போகிற லாரிகள் ஊரையே புழுதியாக்கிக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் பக்கத்துப் பிரசவ ஆஸ்பத்திரிக்கு நர்ஸாக வந்து சேர்ந்தாள். முப்பது தாண்டிவிட்டது, கல்யாணமில்லை. நீலக் கரை போட்ட வெள்ளைச் சேலை, ஆம்பிளைக் குடை, கறுப்புப் பை. பக்கத்தில் வந்தால் டெட்டால் வாசம். அந்த வாசத்தைக்கூட எங்கள் தெருப் பெண்கள் “நர்சம்மா வாசம்” என்று மூக்கை விரித்து இழுப்பார்கள். எம்மா, நானும்தான் தினமும் மல்லியும் மிளகாயும் புடைக்கிறேன். என் வாசத்தை எவளாவது இழுத்திருக்கிறாளா?

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிவிட்டுப் போகலாம். அவள் போக மாட்டாள். மத்தியான வெயிலில் வீடு வீடாக வருவாள். வந்ததும் முதலில், “விரலை நீட்டுங்க” என்பாள். பையிலிருந்து நகவெட்டி வரும். பிள்ளைத்தாய்ச்சி, மாமியார், மீன்கூடையோடு போகிறவள், எல்லாருக்கும் அதே நகவெட்டி. காலரா ஊசிக்காரர்களைக் கண்டால் வள்ளத்துக்கு அடியில் ஒளிந்துகொள்கிற திரேஸ்புரத்து ஆட்கள், அவள் ஒரு அதட்டல் போட்டால் கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். என் தம்பி கல்லாவை விட்டு எழுந்து அவளுக்குக் கலர் உடைத்து நீட்டுவான். எனக்கு இத்தனை வருஷத்தில் ஒரு கோலி சோடா உடைத்ததில்லை. அவளோ, “கலர் வேண்டாம் அண்ணாச்சி, கொதிக்க வச்சு ஆறுன தண்ணி இருந்தாக் குடுங்க” என்பாள். அந்தத் தண்ணியை ஆற வைத்துக் கொண்டுவருவது யார் என்கிறீர்கள்? நான்தான்.

இதெல்லாம் சில்லறைப் பொறாமை. பெரிய பொறாமை வேறு. அவளும் பெறவில்லை, நானும் பெறவில்லை. இரண்டு பேர் வயிறும் ஒரே வயிறுதான். ஆனால் தெருவில் ஒரு வளைகாப்பு என்றால் அவளுக்கு நாற்காலி போட்டு, முதல் வளையலை அவள் கையால் போடச் சொல்வார்கள். என்னை, “மதினி, சோறு குழைஞ்சிரப் போவுது, அடுப்பைப் பாத்துக்கிடுங்க” என்று உள்ளே அனுப்பிவிடுவார்கள். அவள் கை ராசியான கை. என் கை மலடி கை.

அந்தப் பட்டம் எப்படி வந்தது என்று சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்ததும் சேனை வைப்பார்கள். கருப்பட்டித் தண்ணீரில் தங்க மோதிரத்தை நனைத்துப் பிள்ளையின் நாக்கில் தொட்டு வைப்பது. தாய்ப்பாலுக்கும் முந்தின ருசி. சேனை வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். முத்துக்கனிக்குத் தலைப்பிரசவம் அவள் தாய் வீட்டில் நடந்தது. அத்தைக்காரி உரிமை என்று அங்கேயே போய் நின்று, சண்டை போட்டு, சேனையை நான்தான் வைத்தேன். எனக்கென்று ஒன்று இல்லை. என் குணமாவது ஒரு பிள்ளையிடம் நடமாடட்டுமே என்று ஆசை. ஆண் பிள்ளை. மாதம் நிறையவில்லை, வயிற்றால் போய், வற்றி, செத்துப்போனான். புதைத்த இடத்து ஈரம் காயுமுன் பேச்சு கிளம்பிவிட்டது. மலடி தொட்டது தங்குமா? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? முத்துக்கனி மட்டும் என் முகத்துக்கு நேராக ஒன்றும் சொல்லவில்லை. நான் சோறு பரிமாறப் போனால் தட்டை மெல்ல நகர்த்திக்கொள்வாள்.

அவள் மறுபடியும் முழுகாமல் இருந்தபோதுதான் ஜீவமணி எங்கள் வீட்டுக்குள் காலை வைத்தாள். அதன்பிறகு எனக்குத் தூக்கம் ஏது? முருங்கைக்கீரை தின்னு என்று நான் தொண்டைத்தண்ணி வற்றக் கத்தினால் நாத்தனார் கொடுமை. அதையே அவள் சொன்னால் வேதவாக்கு. மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்பார்களே, எங்கள் வீட்டில் நான் உடைத்ததுதான் பொன்சட்டி. அவள் கொடுத்த சத்து மாத்திரையை முத்துக்கனி சாமிக்குக் காட்டிவிட்டு விழுங்குவாள். சிரிப்பதா அழுவதா?

ஒருநாள் கடைக்குப் பின்னால் மூட்டைகளுக்கு நடுவே உளுந்து புடைத்துக்கொண்டிருந்தேன். நான் அங்கே இருப்பது தெரியாமல் முத்துக்கனி நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“அக்கா, இந்தப் பிள்ளைக்கு நீங்கதான் சேனை வைக்கணும். ஒங்க கொணம் வரட்டும். ஒங்க கை ராசியில பிள்ளை தங்கட்டும்.”

“மொதல்ல நல்லபடியாப் பெத்து முடி. பொறவு பாப்போம்” என்று ஜீவமணி சிரித்தாள்.

பாப்போம் என்றாள். மாட்டேன் என்றாளா? இல்லையே! முறம் என் கையிலிருந்து விழுந்தது. சிந்திய உளுந்தை அள்ளும்போதே முடிவு செய்துவிட்டேன். இந்தப் பிள்ளைக்கும் சேனை என் கைதான். வைத்து, பிள்ளையும் பிழைத்துவிட்டால் ஊர் வாய் அடைத்துப்போகும். அவள் வைத்துப் பிழைத்தாலோ, சாகிறவரை நான் மலடி கைக்காரிதான். எனக்கு வேறு வழி இருந்ததா, நீங்களே சொல்லுங்கள்.

வலி கண்டதும் முத்துக்கனியை ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் கடையில் இருந்ததிலேயே நல்ல உடன்குடிக் கருப்பட்டியாகப் பார்த்து உடைத்து, வெள்ளிக் கிண்ணத்தில் கரைத்து, என் மோதிரத்தையும் கழற்றிப் போட்டு, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நடந்தே போனேன். வராந்தாவில் தெருப் பெண்கள் பாதிப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். முத்துக்கனியின் அம்மா, எங்கள் சம்பந்தியம்மா, உள்வாசல் நிலையில் கையை ஊன்றி நின்றாள். உள்ளே பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது.

“பொம்பளப் பிள்ளை” என்று யாரோ சொன்னார்கள். நான் கிண்ணத்தை வெளியே எடுத்தேன்.

“எங்க வார? ஒண்ணைக் கொண்டுபோனது போதாதா?” என்று சம்பந்தியம்மா பாய்ந்தாள்.

“நான் அத்தை. என் உரிமைக்கு வாரேன். வழியை விடுங்க.”

“ஒன் உரிமையைக் கொண்டுபோய்க் கடல்ல போடு! மலடி கை எம் பேத்தி மேல பட்டுது, பாத்துக்க!”

அவ்வளவு பெண்களில் ஒருத்தியாவது, ஏளா, அப்படிச் சொல்லாதே என்று வாயைத் திறந்தாளா? ஒருத்தியும் இல்லை. அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு ஜீவமணி வந்தாள். முகமெல்லாம் வேர்வை. சம்பந்தியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நர்சம்மா, நீங்க வாங்க. நீங்க தொட்டு வைங்க. ஒங்களது ராசிக் கை.”

ஜீவமணி என் கிண்ணத்தை வாங்கிப் பார்த்தாள்.

“எந்தத் தண்ணிக்கா இது?”

“குழாய்த் தண்ணி. குடத்துல இருந்தது.”

“கொதிக்க வச்சதா?”

“சேனைத் தண்ணியை எவளாவது கொதிக்க வைப்பாளா?” எனக்குக் கோபம் வந்துவிட்டது.

அவள் என்னிடம் கோபப்படவில்லை. வராந்தாவைப் பார்த்துத் திரும்பினாள்.

“போன பிள்ளை வயித்தாலதான போச்சு? கேட்டுக்கிடுங்க. அதுக்கு இந்த அக்கா கை காரணமில்ல. இந்த மாதிரிக் கொதிக்காத தண்ணிதான் காரணம். குடத்துத் தண்ணியில கெடக்க கிருமி பச்சப்பிள்ளை வயித்துல போயிட்டுது. அன்னைக்கு அந்தத் தண்ணியை நான் தொட்டு வச்சிருந்தாலும் அந்தப் பிள்ளை செத்துத்தான் இருக்கும். என் கையாலதான் செத்திருக்கும்.”

“ஆத்தீ! அப்படிச் சொல்லாதீங்கம்மா” என்று சம்பந்தியம்மா வாயைப் பொத்தினாள்.

“சொல்லத்தான் செய்வேன். கையில ராசியும் இல்ல, தோசமும் இல்ல. அழுக்குத்தான் உண்டு. அதுக்குச் சோப்பு இருக்கு. நான் இருக்கிற வரைக்கும் இங்கன யார் கையாலயும் சேனை கெடையாது. என் கையாலயும் கெடையாது. சீம்பாலைப் பீச்சிக் கீழ கொட்டுறதும் கெடையாது. பிள்ளைக்கு மொத ருசி அதுதான்.”

கிண்ணத்துத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டி, மோதிரத்தை என் கையில் கொடுத்தாள். எனக்குச் சந்தோஷம் வந்ததா என்று கேட்பீர்கள். அடிவயிற்றிலிருந்து அழுகைதான் வந்தது, அதற்குப் பின்னாலேயே எரிச்சலும் வந்தது. போன பிள்ளை என்னால் சாகவில்லை என்று நான் எத்தனை பேரிடம் நெஞ்சில் அடித்துக்கொண்டு சொன்னேன்! நம்பாத கூட்டம், இவள் ஒரு வார்த்தை சொன்னதும் தலையை ஆட்டுகிறது. என் பழியை இறக்கி வைப்பதற்கும் இவள்தான் வர வேண்டுமா? ஒரே ஒரு ஆறுதல். எனக்குக் கிடைக்காத சேனை அவளுக்கும் கிடைக்கவில்லை.

“அக்கா, விரலை நீட்டுங்க” என்றாள். அங்கேயே நின்று எனக்கு நகம் வெட்டினாள். “முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிட்டு உள்ள வாங்க.”

கழுவினேன். தோல் உரிகிற அளவுக்குத் தேய்த்தேன். உள்ளே போனதும், துணியில் சுற்றிய பிள்ளையை, தாயைப் பெற்ற பாட்டியிடம் கொடுக்காமல், என் கையில் வைத்தாள். “தாய்கிட்டக் கொண்டுபோய் விடுங்க” என்றாள். கட்டில் நாலு எட்டுத் தூரம்கூட இருக்காது. நான் நடந்தேன். முத்துக்கனி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையை அவள் மாரில் சேர்த்தபோது அவள் தன் கையை நகர்த்தவில்லை. “மதினி, தலையைத் தாங்கிப் பிடிங்க” என்று மட்டும் சொன்னாள்.

அதன்பிறகு நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். எங்கள் தெருவில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் முதல் ஆளாகப் போய் வாசலில் நிற்பேன். எவளாவது கருப்பட்டியை எடுத்தால் போதும், “கீழ வையிளா அதை! பிள்ளையைக் கொல்லப் போறியா?” என்று சாமியாடிவிடுவேன். எனக்கு இல்லாத சேனை இன்னொருத்திக்கு எதற்கு? பேரனுக்குச் சேனை வைக்க விடவில்லை என்று எதிர்வீட்டுச் சிலுவையின் பெண்டாட்டிக்கு என்னைத் திட்டித் திட்டியே வாய் கோணிப்போயிற்று. ஆனால் அவள் பேரன் கொழுக்கட்டை மாதிரி வளர்ந்தான். வயிற்றால் போய்ச் சாகிற பிள்ளைகள் எங்கள் தெருவில் குறைந்தது உண்மை. ஜீவமணிக்குப் பெரிய டாக்டரம்மா வந்து கைகொடுத்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள். என் தொண்டை கட்டியதற்கு யாரும் கை கொடுக்கவில்லை.

பிள்ளைக்குச் சண்முகக்கனி என்று பெயர். நான் குளிப்பாட்டினால்தான் குளிக்கும், நான் ஊட்டினால்தான் தின்னும். முத்துக்கனி, “உங்க பிள்ளையைக் கூப்பிடுங்க மதினி” என்பாள். ஜீவமணி தெருவில் வந்தால் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவாள். கொஞ்சி முடிக்குமுன் நான் ஏதாவது சாக்குச் சொல்லி வாங்கிக்கொள்வேன்.

பிள்ளை ஓடியாடுகிற வயசில் ஜீவமணிக்குச் சாத்தான்குளம் பக்கம் மாற்றல் வந்தது. தெருவே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து அழுதது. நான் அழவில்லை. அழுவேனா? அவள் கையால் வெளியே வந்த பிள்ளைகளை ஒவ்வொருத்தியாக அவளிடம் நீட்டினார்கள். தூக்கினாள், முத்தம் கொடுத்தாள், திருப்பிக் கொடுத்தாள். ஒவ்வொன்றும் அதனதன் தாயிடம் போய் ஒட்டிக்கொண்டது. கடைசியில் என்னிடமிருந்து சண்முகக்கனியை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். பஸ் ஹாரன் அடித்ததும் பிள்ளை பயந்து, இரண்டு கையையும் என் பக்கம் நீட்டிக்கொண்டு, “அத்தே! அத்தே!” என்று வீறிட்டது. நர்ஸின் பிடியிலிருந்து நழுவி என் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

ஜீவமணியின் கைகள் கொஞ்ச நேரம் அப்படியே நீட்டியபடி நின்றன. பிள்ளை இல்லாத கைகள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் எனக்குத் தெரியும். எத்தனை வளைகாப்பு வீட்டு அடுப்படியில், பித்தளைப் பானையின் பளபளப்பில் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன்!

“உங்களுக்கு வாச்சிருக்குக்கா” என்றாள்.

இன்னொரு தரம் பிள்ளையை அவளிடம் கொடுத்திருக்கலாம். அவள் கையும் இன்னும் நீண்டுதான் இருந்தது. நான் சண்முகக்கனியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, “பஸ் கெளம்பப் போவுது நர்சம்மா, ஏறுங்க” என்றேன்.