செல்லசாமி வீட்டுக் கரண்ட்

டிக்கோயாவில் தன் மாடிக்குக் குடிவந்த ஷாமிலா டீச்சருக்கு, செல்லசாமி சாவியோடு ஒரு சோடி ரப்பர் செருப்பும் கொடுத்தார். குளியலறைக் குழாய் லேசாகக் கடிக்கும், செருப்பு போட்டுக்கொண்டால் ஒன்றும் செய்யாது என்றார். வீட்டுக்காரன் கடமை அத்தோடு முடிந்தது என்பது அவர் நினைப்பு. தேயிலைத் தொழிற்சாலை மெஷின்களோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவருக்குக் கரண்டைப் பற்றி யார் பாடம் எடுக்க முடியும்?

டீச்சர் வருவதற்கு முன்பே, மாடியில் சுடுதண்ணி ஹீட்டர் பூட்டிய நாளிலிருந்து, கரண்ட் கசிந்தால் தானாக அணையும் ட்ரிப் சுவிட்ச் ஓயாமல் விழுந்துகொண்டிருந்தது. ஆளைக் காப்பாற்றத்தான் அது விழுகிறது என்று மனுஷன் யோசிக்கவில்லை. அதற்கு வயசாகிவிட்டது என்று தீர்ப்புச் சொல்லி, அதை ஒதுக்கிவிட்டு நேராகக் கம்பி கொடுக்க வைத்தார். பிறகு கரண்ட் நிற்கவே இல்லை. தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமை தாங்கவில்லை.

டீச்சர் வந்த வாரமே கீழ்வீட்டுச் சாமி அறையில் ஆத்தா இறங்கினாள். காலையில் பூ வைக்கப் போன அவர் மனைவி மீனம்மாவின் விரல், மாரியம்மன் படத்தின் பித்தளைச் சட்டத்தில் பட்டதும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. சாமி அறையில் செருப்பு ஏது? செய்தி பரவி, தோட்டத்து லயத்துப் பெண்களெல்லாம் வந்து தொட்டுக் கும்பிட்டார்கள். ஆத்தா காலையில் பள்ளிக்கூட நேரத்துக்கு முன்னால்தான் வருவாள். பள்ளி விடுமுறையில் தலையே காட்டமாட்டாள். அப்போதெல்லாம் அவள் உடப்புசல்லாவையில் இருக்கும் தன் தங்கச்சி கோயிலுக்குப் போய்விடுவதாக மீனம்மா விளக்கம் சொன்னாள்.

ஒருநாள் செருப்பை மறந்து குளிக்கப் போன டீச்சரைக் குழாய் உதறித் தள்ளியது. ஈரத் தலையோடு கீழே இறங்கி வந்தாள்.

"மாமா, வீட்ட வாடகைக்கு விட்டா வயரிங்க ஒழுங்கா வச்சிருக்க வேண்டியது நீங்கதான். எனக்கு ஏதாச்சும் ஆனா நீங்கதான் பதில் சொல்லணும்."

லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் சோதித்து, எழுதிக் கையெழுத்துப் போடாவிட்டால் வீட்டைக் காலி செய்வதாகவும் சொன்னாள். செல்லசாமி இன்னும் தடிமனான செருப்பு வாங்கித் தருவதாகச் சொல்லிப் பார்த்தார். அவள் பெட்டியை எடுத்து வைத்தாள்.

வேறு வழியில்லாமல் ஹட்டனிலிருந்து லைசென்ஸ்காரன் நிரோஷனை வரவழைத்தார். எர்த் கம்பி நிலத்துக்கே போகாமல் பாதியில் நின்றது. ஹீட்டரில் கசிந்த கரண்ட் இரும்புக் குழாயில் இறங்கி, சாமி அறைச் சுவரோரம் படத்தைத் தாங்கிய இரும்புத் தாங்கிக்குப் போயிருந்தது. நிரோஷன் ஹீட்டரைப் போட்டுவிட்டு டெஸ்டரை ஆத்தா படத்தின் சட்டத்தில் வைத்தான். எரிந்தது. ஹீட்டரை அணைத்தான். டெஸ்டரும் அணைந்தது.

டீச்சர் குளிக்கும் நேரம், பள்ளி விடுமுறை எல்லாம் செல்லசாமியின் மண்டைக்குள் ஒவ்வொன்றாக வந்து பொருந்தின. மீனம்மா தினமும் வெறுங்காலோடு தொட்டது தான் அனுப்பிய கரண்டைத்தான். ஆத்தாளை நம்பி வாழ்கிறவளிடம் இதை எப்படிச் சொல்வது? சொல்லாமல், பழுதையும் பார்க்காமல் விட்டால் ஒருநாள் அவளே இல்லாமல் போவாள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது. எல்லாவற்றையும் சரிசெய்யச் சொன்னார். நிரோஷன் புது ட்ரிப் சுவிட்ச் பூட்டி, எர்த் கம்பியை நிலத்தில் இறக்கி, திரும்பச் சோதித்த பிறகே கையெழுத்துப் போட்டான்.

மறுநாள் காலை மேலே டீச்சர் குளிக்கும் சத்தம் கேட்டது. மீனம்மா சட்டத்தைத் தொட்டாள். ஒன்றுமில்லை. மறுபடியும் தொட்டாள். திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். செல்லசாமி தலையைக் குனிந்தபடி, ட்ரிப் சுவிட்சை ஒதுக்கியது முதல் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். ஒப்பாரி வைப்பாள், இல்லை ஏசுவாள் என்று காத்திருந்தார்.

மீனம்மா சரிந்திருந்த பூவை நேராக்கினாள்.

"ஏங்க, அப்ப இத்தன நாளும் அந்தக் கரண்டத்தான் தொட்டிருக்கேன். என்னைய உசுரோட வச்சிருந்தது யாருங்க, நீங்களா?"

செல்லசாமி ஆத்தா முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.