தேடும் பெட்டியை எடுத்த பிறகு

என்ன வேண்டும் என்றே தெரியாத பிள்ளையிடம் என்ன வேண்டும் என்று எப்படிக் கேட்பது? இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

கள்ளக்குறிச்சியில் வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்கிறேன். கல்வராயன் மலையில் ஒரு சிறிய பள்ளி நூலகத்துக்குத் தொடுதிரை வந்திருந்தது. மலையின் மரங்கள், பூச்சிகள், அருவிகள் என்று அங்குள்ள ஆசிரியை சேர்த்துவைத்த படங்களையும் ஒலிகளையும் அதில் அமைத்துத் தருவது என் வேலை. திரையின் உச்சியில் தேடும் பெட்டி வைத்தேன். பெயரை எழுதினால் படம் வரும்.

முதல் நாள் என் ஐந்து வயது மகளையும் அழைத்துப் போனேன், வளைவுக்கு வளைவு வாந்தி எடுப்பாளோ என்று பயந்தபடி. திரை முன் நின்ற பள்ளிச் சிறுமி ஒருத்தி என்னைப் பார்த்தாள்.

“இன்னாக்கா அடிக்கணும்?”

“உனக்கு என்ன வேணுமோ அத அடி.”

“உள்ள இன்னா கீதுன்னே தெரில. இன்னாத்த கேக்கறது?”

“பரோட்டா அடிடி, வருதா பாக்கலாம்” என்றாள் பின்னால் நின்றவள். சிரித்துக்கொண்டே எல்லாரும் கலைந்துபோனார்கள்.

ஆசிரியை என்னிடம், “புள்ளைங்க தொடலன்னா இத ஆபீஸ் ரூமுக்குத் தூக்கினு போயிடுவாங்கம்மா” என்றார்.

திரும்பும் வழியில் சந்தை. எங்கள் பக்கத்தில் நுழைந்தவுடன் யாரும் பையை விரிப்பதில்லை. முதலில் ஒரு சுற்று, சும்மா பார்த்துக்கொண்டே நடப்போம். எது வேண்டும் என்பது நடக்க நடக்கத்தான் தெரியும். மடித்த பையோடு பாதிச் சுற்றில் நின்றுவிட்டேன். நான் கட்டியது, வாசலிலேயே ‘என்ன வேண்டும்’ என்று மறிக்கிற சந்தை.

பெட்டியை எடுத்துவிட்டேன். இப்போது திரையைத் திறந்ததும் ஒரு தேன்கூட்டின் படம். தொட்டால் அது தொங்கும் பாறை, தேனீ போகும் பூ, அந்தப் பூவின் மரம் என்று அக்கம்பக்கத்தில் உள்ளவை வரும். இப்படிச் செய்வது சரிதானா என்று கணவரை நச்சரித்துத் தீர்த்தேன்.

மறுமுறை மகளோடு போனபோது அதே சிறுமி தேன்கூட்டைத் தொட்டாள். பாறைக்குப் போனாள், அங்கிருந்து அருவிக்கு, அங்கிருந்து ஒரு தவளையின் படத்துக்கும் குரலுக்கும். விரல் நின்றது.

“ஏய், எங்க வூட்டாண்ட கத்துமே, அது இதுதான்டி. இவ்ளோ சின்னதா?”

தினமும் கேட்ட குரலுக்கு அன்றுதான் முகம் பார்த்தாள். பெயர் தெரியாததை எந்தப் பெட்டியில் எழுதியிருப்பாள்? நான் செய்தது ஒவ்வொரு படத்தையும் அடுத்ததோடு இணைத்தது மட்டும். அவள் போன வழியை நான் வரையவே இல்லை. அவளுக்குப் பின்னால் பிள்ளைகள் நெருக்கியடித்து நின்றார்கள். திரை இங்கேயே இருக்கட்டும் என்றார் ஆசிரியை.

அப்போதுதான் என் மகள் அழுதாள். திரையைத் தொட்டுத் தொட்டு எங்கெங்கோ போனவளுக்குத் தேன்கூட்டுக்குத் திரும்பத் தெரியவில்லை.

“வந்த வழியே எதுக்குடி போவணும்? இப்டிக்கா போ” என்று அந்தச் சிறுமி அவள் விரலைப் பிடித்து நகர்த்தினாள். வேறொரு வழியில் தேன்கூடு வந்தது.

அடுத்த வாரம் வேலையை முடித்து ஒப்படைக்க வேண்டும். வந்த வழியைக் காட்டும் காலடித் தடங்களைத் திரையில் வைக்கவா? வைத்தால் தடத்திலேயே நடந்து பழகி, சுற்றுவதை விட்டுவிடுவார்களோ என்று பயம். வைக்காவிட்டால், விரல் பிடிக்க ஆளில்லாத நேரத்தில் ஒரு சின்னப் பிள்ளை அழுதுகொண்டு நிற்குமே. பிள்ளைகளோடு பழகிய நீங்கள் என்ன செய்வீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.